தனித்தேர்வரின் கணக்கு

மாதவரத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட் போன மழைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சரிபண்ண ஒரு வெல்டர் வந்தார். வயசு 26 இருக்கும். லாரி யார்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. டிரெய்லருக்குத் தகடு அடிப்பது, டேங்க் கட்டுவது எல்லாம் அங்கே நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரி வீட்டு வேலைகள்.

கேட்டைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டார். மூலைமட்டத்தைத் தேடினார். பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "பரவால்ல ஸார்" என்று டேப்பை எடுத்தார். ஒரு சட்டத்தில் மூலையிலிருந்து 3 அடி அளந்து சாக்பீஸால் ஒரு கோடு. பக்கத்துச் சட்டத்தில் 4 அடியில் ஒரு கோடு. இரண்டுக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்தார். 5 அடிக்கு அரை இன்ச் குறைந்தது. சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. மறுபடி அளந்தார். சரியாக 5 அடி.

"இப்ப மூலை கரெக்ட் ஸார்."

"தம்பி, இது பிதாகரஸ் தேற்றம் தெரியுமா?"

"அதெல்லாம் தெர்ல ஸார். மேஸ்திரி சொல்லிக் குட்த்தாரு. நானு டென்த் ஃபெயிலு."

"எதில்?"

"கணக்குலதான். பத்தொம்போது."

இந்தப் பதிலில் இருக்கிற நகைச்சுவை எனக்குப் புரிந்தது. அவருக்கு அது நகைச்சுவை இல்லை. வளைகுடாவில் வெல்டருக்கு வேலை இருக்கிறது என்று ஒரு சொந்தக்காரர் கூப்பிட்டிருக்கிறார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. அதில் இசிஆர் என்று முத்திரை. சென்னைக்காரர்களுக்கு இசிஆர் என்றால் மகாபலிபுரம் போகிற வழி. பாஸ்போர்ட்டில் அதற்கு அர்த்தம் வேறு. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்குமுன் அரசாங்கத்தின் குடியேற்றச் சோதனையைக் கடக்கவேண்டும் என்பது. படிப்பறிவு குறைந்தவர்களை ஏஜெண்டுகள் ஏமாற்றாமல் காப்பாற்ற 1983-ஆம் வருஷச் சட்டத்தில் செய்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். பத்தாவது தேறிய சான்றிதழைக் காட்டினால் இந்த முத்திரை பொதுவாகத் தேவையில்லை. அதாவது, இவருக்கும் கடல்தாண்டிய வேலைக்கும் நடுவில் நிற்பது 16 மார்க். 35-லிருந்து 19-ஐக் கழித்துப் பாருங்கள்.

"திரும்ப எழுதவேண்டியதுதானே?"

ஃபோனை எடுத்துக் காட்டினார். 11 பி.டி.எஃப். கோப்புகள். சேமித்துவைத்த யூ டியூப் வீடியோக்கள் 40-க்கு மேல். "எல்லாமே ஃப்ரீயா கீது ஸார். எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெர்ல."

இந்தப் பக்கத்தில் நாவல்களையும் கவிதைத் தொகுப்புகளையும் விமர்சித்து நிறைய எதிரிகளைச் சம்பாதித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை யாரும் விமர்சித்து நான் பார்த்ததில்லை. வருஷத்துக்குச் சுமார் 9 லட்சம் பேர், தமிழ் வழியும் ஆங்கில வழியும் சேர்த்து, எழுதுகிற தேர்வின் புத்தகம். அந்த விற்பனை எந்த நாவலாசிரியருக்கும் கனவில்கூட வராது. ஆகவே இந்த வாரம் தம்பியின் ஃபோனில் இருந்ததைத்தான் விமர்சிக்கப்போகிறேன். இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பத்தாவது ஃபெயில் இருந்தால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. உபயோகப்படும்.

முதல் வேலை, 11 கோப்புகளில் எது செல்லும் எது செல்லாது என்று பிரித்தது. தம்பி பள்ளியில் படித்தது 2011-இல் சமச்சீர் கல்வியோடு வந்த புத்தகம். அதில் 12 அத்தியாயங்கள். 2019-இல் பாடத்திட்டம் மாறி, பத்தாவதுக்குப் புதுப் புத்தகம் வந்தது. அதில் 8 அத்தியாயங்கள். பன்னிரண்டு எட்டானதால் பாரம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். 'அணிகள்' என்ற தனி அத்தியாயம் இயற்கணிதத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. செய்முறை வடிவியலும் வரைபடமும் அதேபோல வேறு அத்தியாயங்களுக்குள் ஒண்டிக்கொண்டன. தம்பி வைத்திருந்த 11-இல் 4 கோப்புகள் பழைய பாடம். பழைய மாதிரி வினாத்தாள் ஒன்றும் இருந்தது. இண்டர்நெட்டில் எதற்கும் எக்ஸ்பயரி தேதி போடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கிற எதையும் படிக்குமுன் பொருளடக்கத்தை எண்ணுங்கள். பன்னிரண்டு இருந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்து, புத்தகம். பாடநூல் கழகத்தின் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நேர்த்தியான வேலை. படங்கள் தெளிவு. எடுத்துக்காட்டுகள் ஏராளம். 'சிந்தனைக் களம்' என்று அங்கங்கே பெட்டிபோட்டுக் கேட்கிற கேள்விகள் நிஜமாகவே சிந்திக்கவைக்கின்றன. 'இணையச் செயல்பாடு' பகுதியில் ஜியோஜீப்ராவை வைத்து முக்கோணத்தை இழுத்துப் பார்க்கலாம். பாடத்தின் ஓரத்தில் இருக்கிற கியூ.ஆர். கோடைத் தட்டினால் வீடியோ வரும். என் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரே படம், முன்னால் படித்தவன் வாத்தியாருக்கு வரைந்த மீசை.

குறை எங்கே என்றால், இந்தப் புத்தகம் தன் வாசகரை முடிவு பண்ணிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. வயது 15. போன வருஷம் ஒன்பதாவது தேறியவர். எதிரே கரும்பலகை. பக்கத்தில் ஒரு டீச்சர். பத்து வருஷம் ஆர்கான் புகை பிடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாகத் திறக்கிறவர் அதன் கற்பனையிலேயே இல்லை.

முதல் அத்தியாயத்தின் பெயர் 'உறவுகளும் சார்புகளும்'. குடும்ப நாவல் என்று நினைத்துவிடாதீர்கள். கார்ட்டீசியன் பெருக்கலில் ஆரம்பித்து, உறவு, சார்பு, ஒன்றுக்கொன்றான சார்பு, மேல் சார்பு என்று போகிறது. கணிதத்தின் தர்க்கப்படி சரியான ஆரம்பம்தான். தனியாகப் படிக்கிறவருக்கு வாசலிலேயே வைத்த பள்ளம். தம்பி மூன்று முறை முதல் அத்தியாயத்தை ஆரம்பித்து மூன்று முறையும் அங்கேயே நின்றிருக்கிறார். ஏழாவது அத்தியாயமான அளவியல்வரை புத்தகத்தைப் புரட்டியதே இல்லை. புரட்டியிருந்தால் அங்கே அவருடைய பட்டறையே இருந்திருக்கும். உருளை, கூம்பு, உள்ளீடற்ற உருளை, இடைக்கண்டம்.

"இடைக்கண்டம்னா இன்னா ஸார்?"

கொல்லையிலிருந்து வாளியைக் கொண்டுவந்து காட்டினேன். கூம்பின் கூரை வெட்டிவிட்டால் மிச்சம் இதுதான்.

"இது ஹாப்பரு ஸார்! மாசம் ரெண்டு அடிக்கிறேன்."

கலைச்சொல்லைக் குறை சொல்லவில்லை. இடைக்கண்டம் நல்ல சொல். அதற்குப் பக்கத்தில் 'வாளி, ஹாப்பர் இவற்றின் வடிவம்' என்று ஒரு வரி வேண்டும். வகுப்பில் டீச்சர் அதைச் சொல்லிவிடுவார். தனியாகப் படிக்கிறவருக்குச் சொல்ல ஆள் கிடையாது.

இன்னொரு குறை, கடைசிப் பக்கங்களில் இருக்கிற விடைகள். உதாரணத்துக்கு, எக்ஸ்² + எக்ஸ் − 12 = 0 என்று ஒரு கணக்கு. தம்பி அழகாகக் காரணிப்படுத்தினார். (எக்ஸ் + 4)(எக்ஸ் − 3) = 0. அதுவரை சரி. அப்புறம் விடை 4, −3 என்று எழுதினார். சரியான விடை −4, 3. இந்த மாதிரிக் கணக்குகளுக்கு விடைப் பக்கம் இரண்டு எண்ணை மட்டும் சொல்லும். ஏன் தப்பு என்று சொல்லாது. அடைப்புக்குறிக்குள் ப்ளஸ் இருந்தால் விடையிலும் ப்ளஸ்தானே என்பது அவர் கட்சி. இரண்டு சமாசாரங்களைப் பெருக்கி ஸீரோ வந்தால் இரண்டில் ஒன்று ஸீரோவாக இருந்தே தீரவேண்டும், எக்ஸோடு 4-ஐக் கூட்டினால் ஸீரோ வர எக்ஸ் என்னவாக இருக்கவேண்டும் என்று கேட்டதும் அரை நிமிஷம் யோசித்து, "மைனஸ் நாலு" என்றார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷம் 11 பி.டி.எஃப்.-களிலும் இல்லை.

மூன்றாவதாக, கையேடுகள். 'மெல்லக் கற்போருக்கான' என்ற அடைமொழியோடு ஆசிரியர்களும் சில மாவட்டக் கல்வி அலுவலகங்களும் தயாரித்து இலவசமாக உலவவிடுகிற மெலிந்த பி.டி.எஃப்.-கள். இவற்றைக் கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன். படித்தபின் செய்யமுடியவில்லை. இவற்றைத் தயாரித்தவர்களுக்குத் தங்கள் வாசகர் யார், அவருக்கு என்ன பயம் என்று தெரிந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஆரம்பிப்பதில்லை. மார்க் எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பிக்கிறார்கள்.

கணக்கு வினாத்தாளின் அமைப்பைப் பாருங்கள். ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டு மார்க் கேள்விகளில் 10 எழுதவேண்டும். ஐந்து மார்க்கில் 10. எட்டு மார்க்கில் 2. ஆக 100. இந்த எட்டு மார்க் இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். இரண்டிலும் 'இது அல்லது அது' என்று சாய்ஸ் உண்டு. இரண்டும் கையால் வரைகிற வேலை. காம்பஸும் ஸ்கேலும் ஒழுங்காகப் பிடித்தால் 16-க்கு 13 வாங்கலாம். ஒரு மார்க்கில் 9 என்று வையுங்கள். 22 ஆயிற்று. இரண்டு ஐந்து மார்க், இரண்டு இரண்டு மார்க். 36. தேறியாயிற்று. தகட்டில் குறிமுள்ளால் மில்லிமீட்டர் பிசகாமல் கோடு போடுகிறவருக்கு வடிவியல் படம் வராது என்று நம்பிப் பத்து வருஷம் போயிருக்கிறது.

கையேடுகளின் குறை, படிகளை மனப்பாடம் செய்யச் சொல்வது. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவதற்கு எண்போட்டு வரிசையாகப் படிகள் தந்திருந்தார்கள். தம்பி ஒப்பித்தார். ஐந்தாவது படி மறந்தால் ஆறாவதும் போயிற்று. சரி என்று, 3 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடச் சொன்னேன். மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. தொடுகோட்டை வரைந்து அளந்தார். 4 செ.மீ.

"மூணு, நாலு, அஞ்சு..." என்று கொஞ்சநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸார், இது கேட்டு மூலை!"

ஆமாம். தொடுகோடும் ஆரமும் சந்திக்கிற இடம் எப்போதும் செங்கோணம். அந்தப் படத்துக்குள் எங்கள் வீட்டுக் கேட் ஒளிந்திருக்கிறது. அதற்கப்புறம் அவருக்குப் படிகள் மறக்கவில்லை.

நான்காவது, வீடியோக்கள். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. மறு வருஷம் கொரோனா வந்து பள்ளிகளை மூடியதும் லட்சக்கணக்கான வீடுகளில் அதுதான் வகுப்பறையானது. அந்தப் பாடங்கள் இன்றும் யூ டியூபில் கிடைக்கின்றன. நிதானமான டீச்சர்கள். விளம்பரக் கூச்சல் குறைவு. தனியார் சேனல்களில் சில அருமை. சிலவற்றில் பத்து நிமிஷ வீடியோவில் மூன்று நிமிஷம் லைக், ஷேர், சப்ஸ்கிரைப். உலக அளவில் கான் அகாடமி இருக்கிறது. சல்மான் கான் (நடிகர் அல்ல) 2004-இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைதூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், வீடியோவாகி, ஒரு பெரிய நிறுவனமாகிவிட்டது. அங்கே பாராட்டவேண்டியது, ஒன்று, இரண்டு எண்ணுவதிலிருந்து படிப்படியாக ஏறலாம், பயிற்சிக் கணக்கு தப்பானால் அடுத்து என்ன செய்யலாம் என்று குறிப்பு தரும்.

வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஒரு ஆபத்து பொது. பார்க்கும்போது புரிந்துவிட்டமாதிரி இருக்கும். கிரிக்கெட் பார்த்துக் கிரிக்கெட் வந்துவிட்டால் நாமெல்லாம் டெண்டுல்கர். தம்பி 40 வீடியோக்களில் பாதியையாவது பார்த்திருக்கிறார். நோட்டு என்று ஒன்று வாங்கவே இல்லை. வெல்டிங்கை வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். மறுநாள் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். மொத்தச் செலவு அதுதான்.

ஐந்தாவதாக ஒன்று, தம்பியின் ஃபோனில் இல்லாதது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி. என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. பள்ளியை விட்டவர்களுக்காகவே இருப்பது. அதன் கணக்குப் பாடங்கள் அவர்கள் தளத்தில் இலவசம். நான் பார்த்தவற்றில், பக்கத்தில் டீச்சர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய புத்தகம் இது ஒன்றுதான். கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கிறது. விடை அந்தப் பாடத்தின் முடிவிலேயே. ஆளை இழுக்கிற அழகு கிடையாது. அச்சு சுமார். படங்கள் அதைவிடச் சுமார். ஆனால் வாசகர் மேல் மரியாதை இருக்கிறது. அங்கே தேர்வே எழுதினால் பாஸ் மார்க் 33. ஐந்து பாடம் தேறினால் போதும், கணக்கைத் தவிர்த்து வேறு எடுக்கவும் வழியுண்டு. ஆனால் அப்புறம் ஐ.டி.ஐ. சேர்கிற உத்தேசம் இருந்தால் நிறையத் தொழிற்பிரிவுகளில் பத்தாவதில் கணக்கு படித்தாயா என்று கேட்பார்கள். யோசித்துக்கொண்டு தவிர்க்கவும். தம்பிக்கு மற்ற பாடங்கள் ஏற்கெனவே தேறியிருப்பதால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும்போது கணக்கை மட்டும் எழுதினால் போதும்.

அப்படி எழுதுகிறவருக்கு நம் அரசாங்கம் வைத்திருக்கிற பெயர், தனித்தேர்வர். பொருத்தமான சொல். தனியாகத்தான் விட்டிருக்கிறோம். பதினைந்து வயதுப் பையனுக்கு வைத்த அதே தாளை 26 வயதுக்காரரும் எழுதவேண்டும். அமெரிக்காவில் 1942-இல், படிப்பை விட்டுவிட்டு யுத்தத்துக்குப் போன சிப்பாய்களுக்காக ஜி.ஈ.டி. என்று ஒரு தேர்வு ஆரம்பித்தார்கள். இன்றும் பள்ளியை விட்டவர்கள் எழுதுகிறார்கள். அதன் கணக்குத் தாளில் சூத்திரங்களை அச்சடித்துக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்குக் கால்குலேட்டரும் உண்டு. சூத்திரம் ஞாபகமிருக்கிறதா என்பதைவிட அதைக் கொண்டு என்ன பண்ணுவாய் என்பதுதான் கேள்வி. கூம்பின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு உண்டா என்று மறந்துபோவதால் ஒருவர் வெல்டராக முடியாமல் போவதில்லை. இங்கேயும் தனித்தேர்வருக்கு ஒரு சூத்திரத் தாள் தரலாம். வானம் இடிந்துவிடாது.

'கைடு படித்தால் உருப்படமாட்டாய்' என்று சொல்கிறவர்களுக்காக ஒரு பழைய கதை. கும்பகோணத்தில் 1903 வாக்கில் ஒரு பையன் கைக்குக் கடனாக ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஜி.எஸ். கார். லண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயார்செய்த ட்யூஷன் வாத்தியார். சுமார் ஐயாயிரம் சூத்திரங்களும் தேற்றங்களும் வரிசையாக. நிரூபணம் ஏறக்குறையக் கிடையாது. நம் பாஷையில் சொன்னால், கைடு. பையன் ராமானுஜன். கணக்கில் தேறி மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. ஃபெயிலானவர். தம்பிக்கு நேர் எதிர். 1912 மார்ச்சில் நம் வட சென்னைத் துறைமுகத்தில், போர்ட் டிரஸ்ட் ஆபீஸில், மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கேயிருந்துதான் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி பிரமித்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அவர் பதிலில் கேட்டது என்ன? நிரூபணம் எங்கே என்றுதான். புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. மேதைமை கூடவே பிறந்தது. இருந்தும் 'இது சரி, இது தப்பு, இது எப்படி வந்தது' என்று கேட்க ராமானுஜனுக்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆளின் அருமை தெரிந்த ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். பி.கே. சீனிவாசன். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித்தேடிச் சேர்த்து 1968-இல் புத்தகமாகப் போட்டார். 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கினார். 2005-இல் காலமானார். காலண்டர் தாளை வைத்துக்கொண்டு எண்களோடு விளையாடுவதைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம், அர்விந்த் குப்தாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தனித்தேர்வருக்கு முதல் புத்தகமாக நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். தேர்வுக்கு வராது. பயத்தைப் போக்கும்.

ஒரு காலண்டரை எடுத்து 3-க்கு 3 கட்டமாக ஒன்பது தேதிகளைச் சதுரமாக வளைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் கூட்டினால் நடுத்தேதியைப்போல் சரியாக ஒன்பது மடங்கு வரும். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால் நீங்கள் இயற்கணிதம் செய்துகொண்டிருக்கிறீர்கள். தம்பியிடம் பாத்திரக் கடைக் காலண்டரில் இதைக் காட்டினேன். நான்கு மாசங்களுக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "வாரத்துக்கு ஏழு ஏழா ஏர்றதால மேல கொறையறதும் கீழ கூடறதும் கேன்சலாயிடுது ஸார்" என்றார். 19 மார்க் வாங்கியவர்.

ஆறு ஞாயிறுகள் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்துபோனது இதுதான். அவர் இயற்கணிதத்தில் ஃபெயிலாகவில்லை. ஏழாவதில் விட்டுப்போன குறியெண்களில் ஃபெயிலாகியிருக்கிறார். −7 + 3 என்றால் −10 என்று எழுதினார். ஏழு ரூபாய் கடன், மூன்று ரூபாய் திருப்பியாச்சு, மீதி என்றதும், "நாலு ரூபா கடன்" என்றார் பட்டென்று. அந்த ஒரு தப்பு பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் எட்டு அத்தியாயத்திலும் அவரைத் துரத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் அதை 'எனக்குக் கணக்கு வராது' என்றே புரிந்துகொண்டிருக்கிறார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களும் அதே தளத்தில் இலவசம்தான். பத்தாவது எழுதுகிறவர் அவற்றைத் திறக்க வெட்கப்படுகிறார். வெட்கப்படவேண்டாம். ஆறாவதிலிருந்து பின்னங்கள், ஏழாவதிலிருந்து முழுக்கள், எட்டாவதிலிருந்து இயற்கணிதம். மூன்று வாரம் போதும்.

ஆக, விமர்சனத்தின் சுருக்கம். புத்தகம் நன்று, முதல் பக்கத்தில் ஆரம்பிக்கவேண்டாம். கையேடு நன்று, ஒப்பிக்கவேண்டாம். வீடியோ நன்று, நோட்டு இல்லாமல் பார்க்கவேண்டாம். எல்லாம் இலவசம். இதில் எதுவுமே உங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து, இந்த வரியில் தடுமாறினாய் என்று சொல்லாது. அதற்கு ஒரு மனுஷர் வேண்டும். மாதவரத்திலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் ரிட்டயரான கணக்கு வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் பூங்காவில் அரசியல் பேசி ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்கிறார்கள். பக்கத்துப் பட்டறையில், கம்பெனி கேட்டில், தெருமுனை டெய்லரிங் கடையில் ஒரு தனித்தேர்வர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாரம் ஒரு மணிநேரம், ஒரு சிவப்புப் பேனா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. போன ஞாயிறு தம்பிக்கு அளவியலில் ஒரு கணக்கு நானே தயாரித்துக் கொடுத்தேன். 5 மில்லிமீட்டர் தகட்டில் செய்த உருளை வடிவத் தண்ணீர் டேங்க். வெளிவிட்டம் 1.4 மீட்டர், நீளம் 3 மீட்டர். எத்தனை லிட்டர் பிடிக்கும்? 22/7 வைத்து நான் போட்ட விடை 4,620. அவருக்கு 4,539 வந்தது. தப்பு என்று சிவப்பு மையால் சுழித்தேன்.

நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஸார், நீங்க வெளி அளவ வெச்சுப் போட்டுக்கிறீங்க. தண்ணி உள்ளதான நிக்கும்? தகடு கனம் ரெண்டு பக்கமும் கழிக்கணும். எண்பது லிட்டரு வித்தியாசம். ஓனரு கேட்டா யாரு பதில் சொல்றது?"

பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஐந்துக்கு மூன்று போட்டார்.